உலக்கைப் பூணும் இருதுண்டு வில்லும்

காய்கறிக் கூடையிலிருந்து இரண்டு பீன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று இன்று காலை வாங்கியது. இன்னொன்று மூன்று நாளாக மூலையில் கிடந்து வாடியது. முதலாவதை வளைத்தால் 'டக்'கென்று முறிகிறது. இரண்டாவது முறிவதில்லை, வளைத்தபடியே படுத்துக்கொள்கிறது. இனி துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி வளைத்துப் பாருங்கள். வளைகிறது, விட்டதும் விசுக்கென்று நிமிர்கிறது.

வில் இந்த மூன்றாவது இனத்தைச் சேர்ந்தது. வளைய வேண்டும், முறியக் கூடாது, விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மரவில் செய்கிறவர் படும் பாடெல்லாம் ஆறடிப் பலகையை ஓர் ஈர்க்குச்சியாக நடக்க வைப்பதற்குத்தான்.

சின்ன வயதில் ஈர்க்குச்சியில் நூல் கட்டி வில் செய்திருப்போம். அதில் ஒரு கோளாறு இருந்தது. ஈர்க்குச்சி அடியில் தடித்து நுனியில் மெலிந்திருக்கும். நூலை இழுத்தால் நுனிப்பக்கம் மட்டும் வளையும், அடிப்பக்கம் அசையாது. ஒரே தடிப்புள்ள இரண்டு ஈர்க்குச்சிகளை எடுத்து, அடிகள் இரண்டையும் நடுவில் சேர்த்துக் கட்டியிருந்தால் கோளாறு தீர்ந்திருக்கும். தடித்த நடுப்பகுதி பிடியாகும், மெலிந்துகொண்டே போகும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளையும். கழற்றி மாட்டக்கூடிய இருதுண்டு மரவில்லின் வரைபடம் இவ்வளவுதான்.

ஆறடி வில்லைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறுவது லேசல்ல. நடுவில் பிரித்தால் மூன்றடித் துண்டுகள் இரண்டாகிப் பைக்குள் போய்விடும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரை வண்டியில் எடுத்துச் செல்ல இப்படிப் பிரியும் விற்கள் இருந்தன. அவற்றுக்கு 'வண்டி வில்' என்றே பெயர். இன்று அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் வில் செய்கிறவர்கள் மரக்கடையில் கிடைக்கும் சிவப்பு ஓக் பலகையிலேயே இதைச் செய்துவிடுகிறார்கள். அது எப்படி இயங்குகிறது என்று அடுப்படியில் நின்றே பார்த்துவிடலாம்.

முதுகும் வயிறும்

வில்லைப் பிடித்து நிற்கிறவரை நோக்கியிருக்கும் பக்கம் வயிறு. இலக்கை நோக்கியிருக்கும் பக்கம் முதுகு. பிடிக்கு மேலும் கீழும் நீளும் பகுதிகளை மேற்கை, கீழ்க்கை என்று வைத்துக்கொள்வோம்.

பீன்ஸை வளைத்தபோது வெளிப்பக்கத் தோல் இழுபட்டுக் கிழிந்தது, உள்பக்கத் தோல் நசுங்கிச் சுருங்கியது. வில்லிலும் இதே கதை. நாணை இழுத்தால் முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். இரண்டுக்கும் நடுவே இழுபடாமலும் நசுங்காமலும் ஓர் அடுக்கு சும்மா இருக்கும்.

மரத்தின் நார் நீளவாக்கில் இழுவையை நன்றாகத் தாங்கும். நசுக்கத்தை அந்த அளவுக்குத் தாங்காது. அதனால் குறையில்லாத மரத்தில் முதலில் களைப்பது வயிறுதான். ஆனால் முதுகில் ஒரு நார் அறுந்திருந்தால் விரிசல் அங்கிருந்தே கிளம்பி ஒரு நொடியில் வில்லையே பிளந்துவிடும். முதுகு சொல்லாமல் முறியும். வயிறு சொல்லிச் சொல்லிக் கெடும். வயிறு சொல்வது எப்படித் தெரியும்? நாணைக் கழற்றிய பிறகும் வில் கொஞ்சம் வளைந்தே நிற்கும். பல வருடம் உழைத்த குக்கர் காஸ்கெட் இறுகிப்போய்ப் பழைய வடிவத்துக்குத் திரும்பாததைப் போல. முற்றிய நிலையில், ஆறிய பாலின் ஆடை சுருங்குவதுபோல் வயிற்றில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரியும். ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் நிரந்தர வளைவு மரவில்லுக்குச் சகஜம். சுருக்கக் கோடு அப்படியல்ல, எச்சரிக்கை மணி.

அடையும் தோசையும்

சுட்ட தோசையைச் சுருட்டலாம். அடையைச் சுருட்டப் பார்த்தால் வெளிப்பக்கம் விரிசல் விடும். மாவு வேறு என்பது பாதிக் காரணம், கனம் மீதிக் காரணம். ஒரே அளவுக்கு வளைக்கும்போது, கனமான பொருளின் வெளிப்பரப்பு நடு அடுக்கிலிருந்து அதிகத் தொலைவில் இருக்கிறது. அதனால் அதிகம் நீள வேண்டியிருக்கிறது. நிறைய வளைய வேண்டிய வில் ஏன் நீளமாகவும் தட்டையாகவும் இருக்கிறது என்பதற்கு இதுவே விடை. குட்டையான வில் அதே தூரம் இழுபட அதிகமாக வளைந்தாக வேண்டும். அது அடையைச் சுருட்டுகிற வேலை.

கனத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வில்லின் கையை அகலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். கனத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பு 27 விழுக்காடு குறைந்துவிடும். கனத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்து விறைப்பு மாறுவதால் வரும் விளைவு இது. 12 மில்லிமீட்டர் கனமுள்ள கையில் 0.3 மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டின் கனம், சுரண்டி எடுத்தால் போதும். அந்த இடத்தின் விறைப்பு 7 விழுக்காடு காலி. வில் செய்கிறவர் ஒரு கட்டத்துக்குப் பிறகு இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சுரண்டியைக் கையில் எடுப்பது இந்தக் கணக்கு தெரிந்ததால்தான்.

1930களில் ஹிக்மன், கிளாப்ஸ்டெக், நாக்ளர் என்ற அமெரிக்க அறிவியலாளர்களும் பொறியாளர்களும் உத்தரத்துக்குப் போடும் கணக்கை வில்லுக்குப் போட்டுப் பார்த்தார்கள். உருண்டு திரண்ட பழைய ஆங்கிலேய நெடுவில்லைவிட, செவ்வக வெட்டுமுகம் கொண்ட தட்டை வில்லில் பாரம் மரத்தில் சீராகப் பரவுகிறது என்பது அவர்கள் கண்டது. இன்று பலகையில் செய்யும் விற்கள் அந்தத் தட்டை வில்லின் வாரிசுகள்.

கரண்டிக் கணக்கு

நீண்ட காம்புள்ள கரண்டியில் சாம்பாரை மொண்டு, காம்பின் கடைசியில் பிடித்துத் தூக்குங்கள். பாரம் கரண்டியின் வாயில் இருக்கிறது, வலியோ மணிக்கட்டில். வில்லிலும் நாணின் இழுப்பு நுனிகளில் இருக்க, வளைக்கும் விசை நுனியில் சுழியமாகத் தொடங்கிப் பிடிக்கு வரும்போது உச்சத்தை எட்டுகிறது. அதனால்தான் நுனி மெலிவாகவும் அடி தடிப்பாகவும் இருக்க வேண்டும். தென்னை இந்தக் கணக்கை ஈர்க்குச்சிக்குப் போட்டுக் கொடுத்தே அனுப்பியிருக்கிறது.

விசை உச்சமாக இருக்கும் அதே நடுவிலா வில்லை வெட்டுவது என்று கேட்கத் தோன்றும். ஆம், அங்கேதான். விசை அங்கே அதிகம். ஆனால் பிடியைத் தடியாக வைத்திருப்பதால் வளைவு இல்லை. வளைகிற இடத்தில் இணைப்பு வைத்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் அது அசைந்து அசைந்து தளரும். வளையாத இடத்தில் வைத்தால் அது பாரத்தை மட்டும் தாங்கினால் போதும். கதவுக்குக் கீல் ஓரத்தில். வில்லுக்கு மூட்டு நடுவில்.

பாரம் எவ்வளவு? 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ இழுவிசை கொண்ட வில்லை 28 அங்குலம் இழுத்துப் பிடிக்கும்போது பிடியில் விழும் வளைவிசை, ஒரு மீட்டர் கம்பின் நுனியில் தோராயமாக 14 கிலோவைத் தொங்கவிட்டால் அதன் அடியில் விழுவதற்குச் சமம். அதைத் தாங்க இணைப்புக்குள் ஒவ்வொரு துண்டும் ஆறு சென்டிமீட்டர்தான் நுழைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்குவெட்டி நினைவுக்கு வரட்டும். காம்பு நுனியில் நாம் கொடுக்கும் சிறு அழுத்தம் அச்சுக்குப் பக்கத்தில் கொட்டைப்பாக்கையே உடைக்கிறது. அதே நெம்புகோல் கணக்கில் இணைப்பின் விளிம்பில் 200 கிலோவுக்குக் குறையாத அழுத்தம் விழும். ஆகவே இணைப்பு ஆடக் கூடாது, மயிரிழை அளவுகூட.

வாழைத்தண்டும் அப்பளமும்

மரம் தேர்வில் இரண்டே கேள்விகள்: நார் நேராக ஓடுகிறதா? ஈரம் சரியாக இருக்கிறதா?

வாழைத்தண்டை வட்டமாக அரியும்போது நார் விரலில் சுற்றிக்கொண்டு வரும். நீளவாக்கில் பிய்த்தால் கயிறு திரிக்கும் அளவுக்கு வலு; குறுக்கே கத்தி பட்டால் சுலபமாக நறுங்கும். பலகையும் அப்படித்தான். முகப்பிலும் ஓரத்திலும் ஓடும் ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பலகைக்குள்ளேயே ஓட வேண்டும். ரேகை சாய்ந்து ஓரத்தில் வெளியேறினால் அங்கே நார் அறுந்திருக்கிறது என்று பொருள். வில் அங்கேதான் பிளக்கும். ஓக் மரத்தில் ஊசியால் கீறியதுபோல் நுண்ணிய துளைக்கோடுகள் தெரியும். நார் போகும் திசையைக் காட்டிக்கொடுப்பது அவைதாம். முடிச்சு உள்ள பலகை வேண்டவே வேண்டாம். மரக்கடையில் ஐம்பது பலகைகளைப் புரட்டி ஒன்றை எடுத்து வருவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற ஊர் இது.

மூங்கில் கிடைக்கும் ஊர்களில் மெல்லிய மூங்கில் பட்டையை முதுகாக ஒட்டுகிறவர்களும் உண்டு. மூங்கிலின் நார் வெளித்தோல் பக்கம்தான் நெருக்கம். முறம் பின்னுகிறவரைக் கேட்டால், தோலோடு சேர்ந்த பட்டைக்கும் உள்பட்டைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் எடுத்தே காட்டுவார்.

ஈரத்துக்கு அப்பளம் உதாரணம். ஐப்பசி மழையில் டப்பாவைத் திறந்து வைத்தால் பொரித்த அப்பளம் நமத்து, வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். புதிதாகப் பொரித்தது தொட்டால் நொறுங்கும். மரமும் காற்றோடு சேர்ந்து ஈரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் மரத்தின் ஈரம் 9 விழுக்காட்டுக்கு வந்து நிற்கும். 80 என்றால் 16ஐ நெருங்கும். வில்லுக்குப் பெரும்பாலானோர் விரும்புவது 8 முதல் 10. ஈரம் கூடினால் வில் நமக்கும், நிரந்தரமாக வளையும். ரொம்பவும் காய்ந்தால் முறியும். கடற்கரை ஊர்க்காரர்கள் பலகையை ஒரு பெட்டிக்குள் சிறு குண்டு பல்போடு சில வாரம் வைத்து நிதானமாக உலர்த்துவது நல்லது. அவசரம் வேண்டாம்; உச்சி வெயிலில் அவசரமாகக் காய்ந்த வடகம் எப்படி வெடிக்கும் என்று தெரியும்தானே.

ஒரே மாவில் இரண்டு

மேற்கையும் கீழ்க்கையும் ஒன்றுபோல் வளைய வேண்டுமானால், முதலில் இரண்டும் ஒன்றுபோன்ற மரமாக இருக்க வேண்டும். ஒரே மாவில் பிசைந்த இரண்டு உருண்டை போல. பலகையில் செய்கிறவர் ஒரே பலகையை நடுவில் அறுத்துக்கொள்கிறார். மரத்தைப் பிளந்து செய்கிறவர் ஒரே கட்டையில் அடுத்தடுத்துப் பிளந்த இரண்டு துண்டுகளை எடுக்கிறார். அவர்கள் பேச்சில் அவை 'சகோதரித் துண்டுகள்'.

இதில் ஒரு பழைய சிக்கனமும் இருக்கிறது. இங்கிலாந்தின் நெடுவிற்களுக்கு உயிர் யூ மரம். ஆறடிக்கு முடிச்சில்லாத யூ கிடைப்பது அரிது. உள்ளூர் மரம் போதாமல், இறக்குமதிக் கப்பல்கள் சரக்கில் டன்னுக்கு நான்கு வில்மரம் கொண்டுவர வேண்டும் என்று 1472இல் சட்டமே போட்டார்கள். பின்னாளில், மூன்றடிக்கு மட்டும் நல்ல மரம் கிடைத்தால் போதும் என்று இரண்டு துண்டுகளை மீன்வால்போல் வெட்டி நடுவில் பிணைத்து ஒட்டினார்கள். அந்த ஒட்டு நிரந்தரமானது. கழற்ற வேண்டுமென்றால் ஒட்டுக்குப் பதில் பூண் வேண்டும்.

அளவுகள் இப்படி. அமெரிக்கக் கடையில் 'ஒன்றுக்கு இரண்டு' என்று விற்கும் பலகை இழைத்த பிறகு உண்மையில் முக்கால் அங்குலக் கனம், ஒன்றரை அங்குல அகலம். மொத்த நீளம் 72 அங்குலம். நடுவில் 5 அங்குலம் பிடி. அதன் இரு புறமும் 2 அங்குலச் சரிவு, கனம் படிப்படியாகக் குறையும் இடம். மீதி ஒவ்வொரு பக்கமும் முப்பத்தொன்றரை அங்குலம் வளையும் கை. கையின் பாதிவரை முழு அகலம். பிறகு நுனியில் அரை அங்குலமாகக் குறையும். பலகையின் கனம் பிடிக்குப் போதாது. வயிற்றுப் பக்கம் 9 அங்குலக் கட்டை ஒன்றை மரப்பசையால் ஒட்டி, கிளாம்ப் போட்டு ஓர் இரவு விட வேண்டும். பிடி கொஞ்சம் வளைந்தாலும் இந்தக் கட்டை 'படக்'கென்று பெயர்ந்துவிடும். பிடி வளையக் கூடாது என்பதற்கு இது இரண்டாவது காரணம். பசை காய்ந்த பிறகு சரியாக நடுவில், செங்கோணத்தில், ரம்பத்தால் ஒரே வெட்டு.

பூண்

உலக்கையின் அடியில் இரும்புப் பூண் மாட்டியிருப்பார்கள். மரம் பிளக்காமல் இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை. இருதுண்டு வில்லுக்கு வேண்டியதும் அதுதான், கொஞ்சம் நீளமாக. இதற்கென்றே செய்த எஃகுப் பூண் விற்கிறார்கள். வாங்கினால் வேலை மிச்சம். வீட்டிலேயே செய்ய வேண்டுமென்றால் கண்ணாடி இழைத் துணியும் எபாக்சிப் பிசினும் போதும்.

செய்முறை இட்லித் தட்டில் இருக்கிறது. தட்டில் எண்ணெய் தடவுகிறோம், மாவை ஊற்றுகிறோம், மாவு தட்டின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது, ஒட்டாமல் வந்துவிடுகிறது. இங்கே பிடிதான் தட்டு. இரண்டு துண்டுகளையும் முனைக்கு முனை நேராகச் சேர்த்து அசையாமல் கட்டிவிட்டு, மேல் துண்டின் பிடிப்பகுதியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் சுற்றி மெழுகு தடவ வேண்டும். கீழ்த்துண்டுக்கு மெழுகு கிடையாது. உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி வைக்க வேண்டும். பிறகு பிசினில் நனைத்த துணியை இரண்டின் மேலும் சேர்த்து, இறுக்கமாக, மூன்று மில்லிமீட்டர் கனம் வரும்வரை சுற்ற வேண்டும். இறுகிய பிறகு பூண் கீழ்த்துண்டோடு ஒட்டியிருக்கும், மேல் துண்டு மட்டும் கழன்று வரும்.

மூன்று நுணுக்கங்கள். ஒன்று, பிடி உருண்டையாக இருக்கக் கூடாது. புட்டுக்குழலைக் குடத்தின் மேல் எந்தப் பக்கமும் திருப்பலாம். வில்லின் கை அப்படித் திரும்பினால் நாண் வழுக்கிவிடும். மூலை மழுங்கிய செவ்வகமாகப் பிடியைச் செதுக்கினால் திரும்ப வழியில்லை. இரண்டு, வெட்டிய முனையை நோக்கிப் பிடி ஒரு பொட்டு மெலிய வேண்டும். முழுக்க நேராக இருந்தால் உருவ வராது. அதற்காகச் சாய்வை அசட்டையாக விட்டாலும் வம்பு. ஒன்றுக்குள் ஒன்று சிக்கிய எவர்சில்வர் டம்ளர்களோடு மல்லுக்கட்டியவருக்குத் தெரியும். மூன்று, நேர்மை. பிடியில் ஒரே ஒரு டிகிரி கோணல் விழுந்தால் 36 அங்குலம் தள்ளி நுனியில் அது 16 மில்லிமீட்டர் விலகல். அதனால் நுனிகளை அகலமாக விட்டுவைத்திருக்கும்போதே பூணைச் செய்துவிட வேண்டும். பூண் முடிந்ததும் ஒரு நூலை நுனிக்கு நுனி பிடித்து, அது பிடியின் நடுவில் ஓடும்படி நுனிகளைக் குறித்துக்கொண்டால் சிறு கோணல் மறைந்துவிடும். முதலிலேயே நுனியைச் செதுக்கிவிட்டால் திருத்த மரம் இருக்காது.

பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஒரே குவளையில் நிறையக் கலந்தால் அது தானாகவே சூடேறிப் புகையும். கையுறை, திறந்த சன்னல், இழைத்தூசிக்கு முகமூடி மூன்றும் கட்டாயம். சமையலறை டம்ளரை எடுக்காதீர்கள். அது திரும்பி அடுப்படிக்குப் போகவே முடியாது.

மேல் துண்டு வெறுமனே செருகித்தானே நிற்கிறது, எய்யும்போது உருவிக்கொள்ளாதா? கொள்ளாது. நாண் இரண்டு நுனிகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுக்கிறது. நாண் பூட்டியிருக்கும்வரை இரண்டு துண்டுகளும் பூணுக்குள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆணியும் வேண்டாம், திருகும் வேண்டாம். பூட்டும் சாவியும் நாண்தான்.

உப்பு பார்ப்பது போல

இதுவரை சொன்னது தச்சு. இனிமேல்தான் வில்.

குழம்பில் உப்பு கூடினால் எடுக்க முடியாது. வில்லில் மரம் குறைந்தால் வைக்க முடியாது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. உப்பைப் போட்ட கையோடு நாக்கில் வைத்துப் பார்த்தால் ருசி தெரியாது. ஒரு கொதி வர வேண்டும். வில்லின் வயிற்றைச் சுரண்டியதும் அதன் பலன் உடனே தெரியாது. இருபது முப்பது முறை பாதி தூரம் இழுத்து விட வேண்டும், அப்போதுதான் மரம் புதிய கனத்துக்குப் பழகி உண்மையைச் சொல்லும். பொறுமையில்லாதவர் சுரண்டுகிறார், மாற்றம் தெரியவில்லையே என்று மறுபடி சுரண்டுகிறார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அந்த இடம் கீல்போல் மடிகிறது.

வில்லைச் சுவரில் ஒரு கட்டையில் படுக்க வைத்து, நாணில் கயிறு கட்டி, கீழே கப்பி வழியாகத் தள்ளி நின்று இழுக்கிறார்கள். கயிற்றில் ஒரு ஸ்பிரிங் தராசு. எதிரே நின்று பார்த்தால் இரண்டு கைகளின் வளைவும் சுவரில் நிழல்போலத் தெரியும். விதி ஒன்றுதான்: எந்த நிலையிலும் தராசு உங்கள் இலக்கு எடையைத் தாண்டக் கூடாது. 40 பவுண்டு வில் செய்கிறீர்கள், பதினைந்து அங்குலம் இழுத்ததுமே முள் 40இல் நிற்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சுரண்டிவிட்டு மறுபடி வாருங்கள். இப்படியே ஓர் அங்குலம், ஓர் அங்குலமாக 28 வரை.

எங்கே சுரண்டுவது? கண் ஏமாற்றும். அதற்கு ஒரு சின்னக் கருவி. ஐந்தாறு அங்குலத் தட்டைக் கட்டையின் நடுவில் துளை போட்டு, அதில் பென்சிலைச் செருக வேண்டும். வில்லைச் சற்று வளைத்து நிறுத்தி, அதன் வயிற்றில் இந்தக் கட்டையை நுனிக்கு நுனி நகர்த்துங்கள். நன்றாக வளையும் இடத்தில் வயிறு குழிந்திருக்கும்; கட்டையின் இரு முனைகள் மட்டும் தொடும், பென்சில் அந்தரத்தில் நிற்கும். வளையாமல் விறைத்திருக்கும் இடத்தில் குழி இருக்காது. பென்சில் கோடு கிழிக்கும். கோடு விழுந்த இடத்தில் மட்டும் சுரண்டுங்கள். விழாத இடம் ஏற்கெனவே தன் பங்கை வளைந்துவிட்டது. அதன் பக்கமே போகாதீர்கள். தோசை வார்க்கும்போது கரண்டி ஓரிடத்தில் அழுந்தி மாவு மெலிந்தால், திருப்பும்போது தோசை அங்கேதான் கிழியும். அதே நியாயம். முதுகை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சுரண்டக் கூடாது. அங்கே அறுக்கிற ஒவ்வொரு நாரும் ஒரு விரிசலுக்கு வாசல்.

இருதுண்டு வில்லில் ஒரு சௌகரியம் உண்டு. இரண்டு கைகளையும் கழற்றி அருகருகே வைத்து ஒப்பிடலாம், கனத்தை அளக்கலாம். ஆனால் அளவு ஒன்றாக இருந்தால் வளைவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரே மாவுதான், ஒரே கல்தான். இருந்தும் முதல் தோசையும் இரண்டாவது தோசையும் ஒன்றா? ஒரே பலகையின் இரு பாதிகளும் அப்படித்தான். கடைசித் தீர்ப்பு தராசிலும் சுவரில் தெரியும் வளைவிலும்தான் இருக்கிறது. மேற்கை கீழ்க்கையைவிட மிகக் கொஞ்சம் கூடுதலாக வளையலாம். அம்பு, வில்லைப் பிடித்த கைக்கு மேலே வைக்கப்படுவதால் கீழ்க்கை சற்று விறைப்பாக இருப்பது நல்லது.

நாணுக்கு நைலான் கயிறு உதவாது, நீளும். டாக்ரான் நூல் பன்னிரண்டு இழையைச் சேர்த்து முறுக்கிக்கொள்வார்கள். பூட்டியபின் நாணுக்கும் பிடிக்கும் இடையே ஆறு அங்குலம் இருக்க வேண்டும். அளவுகோல் வேண்டாம், முஷ்டியை மடித்துக் கட்டைவிரலை நீட்டினால் அதுதான்.

வெறும் வாணலி

40 பவுண்டு வில்லை 28 அங்குலம் இழுக்கும்போது அதற்குள் சேரும் ஆற்றல் சுமார் 50 ஜூல். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்கும் உழைப்பு. நாணை விட்டதும் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு அம்புக்குப் போகும். 30 கிராம் அம்பு அதை வாங்கிக்கொண்டு நொடிக்கு 45 மீட்டருக்கு மேல் பாயும். மீதி, கைகள் அசைவதிலும் அதிர்விலும் கரையும்.

அம்பே இல்லாமல் இழுத்து விட்டால்? வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத அந்த 50 ஜூலும் வில்லுக்கே திரும்பி வரும். வெறும் வாணலியை அடுப்பில் வைத்ததுபோல. தண்ணீர் இருந்தால் அது சூட்டை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பாத்திரம் எரியும். நண்பர்கள் வில்லைக் கையில் வாங்கியதும் செய்யும் முதல் காரியம் இதுதான். கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எய்வதும் மொட்டை மாடியில் வேண்டாம். நொடிக்கு 45 மீட்டர் போகும் பொருளுக்குப் பக்கத்து வீட்டுச் சுவர் எல்லையல்ல.

பூணைக் கடையில் வாங்கிவிடலாம். பிசின், துணி, நாண் எல்லாம் விலைக்குக் கிடைக்கும். இரண்டு கைகளும் ஒன்றுபோல் வளைவது மட்டும் விலைக்குக் கிடைக்காது, சுரண்டிச் சுரண்டித்தான் வரும். முதல் வில்லுக்கு 60 பவுண்டு ஆசை வேண்டாம், 30 போதும். முதுகு முறிந்தால் முறிந்த இடத்து நாரைப் பாருங்கள், அடுத்த பலகை எடுக்க அது கற்றுக்கொடுக்கும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் பூணின் வாயில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, துண்டுகளைப் பிரித்து, படுக்க வைத்துவிடுங்கள். நாணோடு சுவரில் சாத்தி வைத்த மரவில் நாளடைவில் மூலையில் கிடந்த பீன்ஸ் ஆகிவிடும்.